நாலு செட்

சுவரொட்டி அடிக்கப் போன இடத்தில்
குழுவுக்குப் பெயர் கேட்டார்கள்.
நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள்.
ஒருவர் சொன்னது அடுத்தவருக்கு ஒத்துவரவில்லை.
அச்சுக் கோப்பவருக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.
‘நாலு செட்’ என்று கோத்துவிட்டுக் கை கழுவப் போனார்.
இன்றைக்கு அந்தப் பெயருக்கு
என்னென்னவோ தத்துவம் சொல்கிறார்கள்.

நான் மைக்செட்காரன். முருகன்குறிச்சியில் கடை.
என் நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே
பாக்கி அறுநூற்று நாற்பது.

கடையம் பிரம்மசக்தி, வில்லு.
அவள் வீசுகோலை ஓங்கினால்
கொடைக்கு வந்த சாமியும் ஒரு எட்டுப் பின்னால் நிற்கும்.
சங்கரன்கோவில் கோமதிநாயகம், உறுமி.
பாளையங்கோட்டை தேவஇரக்கம்,
காலையில் ஆராதனை, மாலையில் கல்யாண வரவேற்பு,
இரண்டுக்கும் அதே சிவப்பு கிட்டார்.
மேலப்பாளையம் மைதீன் பிச்சை, பேஸ்.
அவர் வாசிப்பு காதில் விழாது,
முட்டியில் விழும்.

எல்லாரும் தனித்தனி செட்டுக்கு முதலாளி.
தனி வேன், தனி அட்வான்ஸ் நோட்டு.
நாலு மாப்பிள்ளையை
ஒரே மணவறையில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

எண்பத்தொன்பது சித்திரையில் முக்கூடல்.
முதல் பாட்டு முடிந்ததும்
‘என்னல இது’ என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
மூன்றாம் பாட்டு முடிந்ததும்
அதே குரல், அதே ‘என்னல இது’.
இந்தத் தடவை அவன் துண்டு
ஆகாயத்தில் இருந்தது.

பதினோரு கச்சேரி, ஒரு கேசட்.
கேசட்டைப் பதிந்தது வண்ணாரப்பேட்டை அரிசிக் கிட்டங்கியில்.
எதிரொலி வராமல் மூட்டைகள் பார்த்துக்கொண்டன.
எர்த் வயரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்.
குழாயில் தண்ணீர் இல்லை.
குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது.
மண்ணுக்குள் போக வேண்டியது
‘ங்ங்ங்’ என்று பாட்டுக்குள் போய்விட்டது,
இரண்டு பக்கமும், முதலிலிருந்து கடைசிவரை.
யாரும் திட்டவில்லை.
கூலியில் மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

பதினோராவது திசையன்விளை.
தீர்மானம் யார் வைப்பது என்று
ஒரு தீர்மானம் இல்லை.
உறுமி முடிக்கப் போனால் கிட்டார் மறுபடி தொடங்கும்,
கிட்டார் அடங்கினால் வில்லுமணி குலுங்கும்.
ஒரே பாட்டு நாற்பத்தேழு நிமிஷம்.
சனம் முதலில் ஆடியது, பிறகு உட்கார்ந்தது,
பிறகு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.
மேடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
அப்போது கரண்ட் போனது.

போகவில்லை.
பியூஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு
இருட்டோடு இருட்டாக நின்றேன்.
நாலு வேனும் நாலு பக்கம் போயின.
முப்பத்தைந்து வருஷமாக
மின்வாரியம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

கோமதிநாயகம் தாராவிக்குப் போனார்.
மைதீன் பிச்சை பேட்டரிக் கடை போட்டார்.
தேவஇரக்கத்தை அடக்கம் செய்தபோது
கிட்டார் உறையில் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன.
பிரம்மசக்தியின் குரலை வெட்டி ஒட்டி
ஒரு கட்சிக்காரன் தேர்தல் ஆட்டோவில் கட்டினான்.
தன் குரலே தெருவில் வந்து கேட்டும்
அவள் ஓட்டுப் போடவில்லை.

போன மாதம் கடைக்கு நாலு பொறியியல் பிள்ளைகள்.
நாலு செட் பாட்டுகளைத் திரும்ப வாசிக்கிறார்களாம்.
‘அடியில ஒரு சுருதி ஓடுதே சார்,
அது என்ன வாத்தியம்?’
அதற்காகவே பன்னிரண்டாயிரத்துக்கு
ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்கள்.
இன்னும் சரியாக வரவில்லையாம்.

‘தண்ணி ஊத்தல’ என்றேன்.
அந்தப் பிள்ளை அதையும் எழுதிக்கொண்டது.

சனிக்கிழமை அவர்கள் கச்சேரிக்கு
மைக்செட் என்னுடையது.
எர்த் குழிக்குப் பக்கத்தில்
வாளி நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன்.
ஒரு நாய் வந்து குடித்துவிட்டுப் போகிறது.
பாட்டு தொடங்கிவிட்டது.
ஊற்றலாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.