பனி நிரப்பிய கையுறை

சாவி என்னிடம்தான் இருந்தது.

பல் மருத்துவர் வீப் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார்.
வெள்ளிக்கிழமைதோறும் கதவைத் திறந்து
ஒரு சிட்டிகை உணவு தூவிவிட்டு வருவேன்.
ஒரு வெள்ளிக்கிழமை போகவில்லை.
அடுத்ததும் போகவில்லை.
போகாமலிருப்பது பழகிவிட்டது.

சஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
"திங்கட்கிழமை கரண்டை வெட்டிவிடுவார்கள்,
அந்தத் தொட்டியை என்ன செய்ய?" என்று
கட்டிடக்காரர் போனில் கேட்டார்.

யாரோ தந்த எண்ணில் லோர்ன் பெட்ரிஷின் அகப்பட்டார்.
பகலில் பொட்டாஷ் சுரங்கம்,
இரவில் வீட்டு நிலவறையில் ஒன்பது தொட்டிகள்.
எட்டு வாளி, இரண்டு தூக்கப்பையோடு வந்தார்.
கூடவே அக்காள் மகள் டெல்ஃபீன்,
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடித்த அதே உடையில்.

மேசையில் ஆகஸ்ட் மாதத்து இதழ்.
தொட்டியின் விளிம்பெங்கும் உப்பு பூத்து
மின்கம்பியைப் பிடித்துச் சுவரேறியிருந்தது.
தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.
உப்பு இறங்கவில்லை.
லோர்ன் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு.
"வெள்ளரிக்காய் ஊறப்போடலாம்" என்றார்.
சிரிக்கவில்லை.

"கடைசியாக எப்போது தீனி வைத்தது?"

"தெரியவில்லை" என்றேன்.

மஞ்சள் மீனுக்கு வயிறு ஒட்டி,
மேலிருந்து பார்த்தால் வெறும் கோடு.
முள் பாதி உதிர்ந்த கடல் முள்ளெலி.
பாறைக்குப் பின்னால் ஓர் இறாலின் மீசை மட்டும்.
எந்தக் குழந்தையோ எப்போதோ போட்ட
பற்பசை மூடிக்குள் குடியிருந்தது ஒரு துறவி நண்டு.
வீடு வீடாகத் தேடி அலைகிற ஜீவனுக்குத்
துறவி என்று பேர் வைத்தது யார்?

கடல் சாமந்தி மட்டும் வரமாட்டேன் என்றது.
நிறமெல்லாம் இழந்து பாலாடைபோல் வெளுத்து,
பாறைப் பிளவில் காலை ஊன்றிக்கொண்டு.
இழுத்தால் கிழியும்.

டெல்ஃபீன் வாய் திறக்காமல் இழுப்பறையைத் திறந்தாள்.
டாக்டரின் கையுறைகளில் ஒன்றை உருவிக்கொண்டு
வெளியே போனாள்.
பனியை அள்ளித் திணித்து
மணிக்கட்டில் முடிச்சிட்டு எடுத்து வந்தாள்,
ஐந்து விரலும் விறைத்த ஒரு கை.

"நீங்கள் பிடியுங்கள்" என்றாள்.

முழங்கை மூழ்க உள்ளே விட்டு
அந்தக் கையை அதன் காலடியில் அழுத்திக்கொண்டிருந்தேன்.
குளிர் பொறுக்காமல் தானாக விடுமாம்.
ஐந்து நிமிடம். பத்து.
எது என் விரல், எது பனியின் விரல் என்று
தெரியாமல் போனது.
ஓர் ஓரம் சுருங்கிற்று.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் விட்டது,
ஓசையே இல்லாமல்
என் உள்ளங்கையில் வந்து கிடந்தது,
களைத்த ஒரு நாக்கு.

காரில் சூட்டை முழுக்கத் திருப்பி வைத்தோம்.
தூக்கப்பைக்குள் வாளிகள்
மடியில் கனத்தன.
எட்டாம் தெரு சிக்னலில்
லோர்ன் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார்.
மஞ்சள் மீன்.
பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் நின்றவர்கள் ஏனோ ஹாரன் அடிக்கவில்லை.

நிலவறையில் மெல்லிய குழாய்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு.
நல்ல தண்ணீரானாலும் மொத்தமாக ஊற்றக் கூடாதாம்,
திடுக்கிட்டுச் செத்துவிடும்.
சொட்டுச் சொட்டாக
விடிய விடிய.

"நான் வெட்டுகிற இடமும் கடல்தான்" என்றார் லோர்ன்.
"ஒரு கிலோமீட்டர் கீழே. காய்ந்துபோனது.
அன்றைக்கு வாளியோடு ஒருத்தரும் வரவில்லை."

டெல்ஃபீன் படிக்கட்டிலேயே தூங்கிவிட்டாள்.
நண்டு மூடியை இழுத்துக்கொண்டு
வாளியின் அடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.
மணி மூன்று இருக்கும்.

"பதினோரு வாரம்" என்றேன்.

அவர் திரும்பவில்லை.
"மூன்றாவது குழாயைப் பாருங்கள்" என்றார்,
"சொட்டு நின்றுவிட்டது."

குனிந்து
முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன்.