ஏழு நாற்பது

மணல் ஏற்றிய டவ்வேயின் படகு
ஏழு நாற்பதுக்குக் கால்வாயில் வரும்.
சிவப்பு விளக்கு. மணி. தடுப்புக் கம்பு இறங்கும்.
படுத்திருந்த சாலை எழுந்து
வானத்தில் நிற்கும்.
ரொட்டி வண்டியின் எஞ்சினை அணைப்பேன்.
ஆறு நிமிடம்.

இந்த ஆறு நிமிடத்தைப்
பதினோரு வருடம் திட்டியே தீர்த்தேன்.
பிறகு ஒரு செவ்வாய், என்ன நினைத்தேனோ,
டெலிவரி ரசீதின் பின்பக்கத்தில்
‘படகுக்குப் பின்னால் ஒரு வாத்து,
கட்டணம் கட்டாமல் போகிறது’
என்று எழுதினேன்.
அவ்வளவுதான்.
கம்பு ஏறியது. பின்னால் ஹாரன்.

வீட்டில் மூன்று நோட்டுகள் உண்டு,
தோல் அட்டை, பட்டு நாடா.
மூன்றிலும் முதல் நாலு பக்கம்
முத்து முத்தாய் எழுத்து.
அப்புறம் வெள்ளை.
ஞாயிறு முழுதும் மேசையில் உட்காருவேன்.
காப்பி போடுவேன், பென்சில் சீவுவேன்,
ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன்.
நேரம் கொட்டிக் கிடந்த இடத்தில்
ஒரு வரி முளைக்கவில்லை.

ரசீதில் முளைத்தது.
இருபது கம்பு ரொட்டி, பன்னிரண்டு சர்க்கரை ரொட்டி,
அதன் முதுகில்
பாலம் காக்கும் வீப்ரனின் புதுத் தொப்பி.
மறுநாள்
மூடுபனியில் படகே இல்லாமல் நகர்ந்த விளக்கு.
அதற்கு மறுநாள் ஒன்றும் தோன்றவில்லை.
‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதினேன்,
அதிலும் ஒரு பிழை.
பள்ளியில் டச்சு மட்டுமே எழுதப் படித்தவள் நான்.
வீட்டில் பேசிய பிரீசியத்தில்
சில உயிரெழுத்துகள் தலைக்கு மேல்
கூரை போட்டுக்கொள்ளும்.
எதற்குக் கூரை, எது மொட்டை,
இன்றும் தடுமாற்றம்தான்.
நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடுவேன்.

மாதக் கடைசியில்
கணக்காளர் ரசீதுகளை வாங்கிக்கொள்வார்.
பின்பக்கம் பார்ப்பாரா, தெரியாது.
நகல் எடுத்துத் திருப்பித் தந்தபோது
வாத்துக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு டிக் இருந்தது.

ஜனவரியில் கால்வாய் உறைந்தது.
டவ்வே படகைக் கட்டிப்போட்டுவிட்டு
பனிச்சறுக்கப் போய்விட்டான்.
விளக்கு பச்சை. பச்சை. பச்சை.
எட்டு மணிக்கே ஆஸ்பத்திரி வாசல்.
சமையலறை ரெம்கே கடிகாரத்தைப் பார்த்து
‘சீட்ஸ்கே, பறந்தா வந்தாய்?’ என்றாள்.
முதலாளி மெச்சினார்.
ஒன்பது நாள்
ரசீதின் முதுகுகள் வெறும் முதுகுகள்.

பெரிய இழப்பு என்று சொல்ல மாட்டேன்.
பல் விழுந்த இடத்தை
நாக்கு போய்ப் போய்ப் பார்க்குமே, அது மாதிரி.

பத்தாம் நாள், பச்சை விளக்கில்,
பாலத்துக்கு முன்
ஓரமாய் ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன்.
பள்ளிப் பேருந்து சுற்றிக்கொண்டு போனது,
கண்ணாடியில் அழுந்திய இருபது மூக்குகளோடு.
கூண்டிலிருந்து வீப்ரன் இறங்கி வந்தார்.
கோடையில் தூண்டில் கம்பில்
மரச்செருப்பைத் தொங்கவிட்டுப்
படகுகளிடம் காசு வாங்கும் அதே கை
ஜன்னலைத் தட்டியது.

வண்டி பழுதா?
இல்லை. எழுதுகிறேன்.
யாருக்கு?
அது இன்னும் தெரியவில்லை.
எத்தனை நேரம்?
ஆறு நிமிடம்.

டயர் மாற்றுகிறேன் என்றால்
எப்படித் தலையாட்டுவாரோ
அப்படியே ஆட்டினார்.
ஒரு சிவப்புக் கூம்பைக் கொண்டுவந்து
வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு
ஏறிப் போனார்.

முதல் வரி உருப்படவில்லை.
பனிக்கட்டியைக் கண்ணாடி என்றேன்.
யார்தான் சொல்லவில்லை.
அடித்தேன். நாலு நிமிடம் மிச்சம்.
உறைந்த கரையோரம் ஒரு சைக்கிள்
மூழ்கிக் கிடந்தது, கைப்பிடி மட்டும் வெளியே,
கீழிருந்து யாரோ
‘கொஞ்சம் பிடி’ என்று நீட்டுகிற மாதிரி.
அதை எழுதினேன்.
மாதிரி என்பதை எடுத்தேன். திரும்பப் போட்டேன்.
நேரம் முடிந்தது.

கிளம்பும் அவசரத்தில்
வண்டியைச் சற்றே பின்னால் எடுத்ததில்
வீப்ரனின் கூம்பு நசுங்கிவிட்டது.

நாளைக்கு அதை எழுத வேண்டும்.