நான்கு கேள்விக்குறிகள்

கொதிகலன் பழுது என்று
இரவு பதினொன்றே காலுக்கு ஆலையை நிறுத்தினார்கள்.
நிறுவைப் பாலத்திலிருந்து
ஊத்தான் மெலிந்தாங் சாலை வரை
ஒன்பது லாரி, குலை குலையாகச் செம்பனை.
என் கூண்டில் மட்டும் ஏர்கோன்.
அதனால்தான் எல்லாரும் உள்ளே வந்தார்கள்,
புவனேந்திரன் மடிக்கணினியோடு.

"எலி, இத கொஞ்சம் பாரு லா.
படமெல்லாம் வருது. ஆட்டம் வரல."

உண்மைதான். லாஞ்சரில் அட்டைப்படங்கள்
தீபாவளிக் கடைச் சட்டைகள்போல வரிசையாய்த் தொங்கின.
ஒன்றைத் தொட்டால் வட்டம் சுற்றும்,
திரை கறுக்கும், ஒரு மூச்சு,
மறுபடியும் அட்டைப்படங்கள்.
பிழை என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது.
கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டுச்
சாத்திக்கொள்ளும் வீடு மாதிரி.

ரொஸ்லி சொன்னார், அணைத்துத் திற.
அணைத்துத் திறந்தேன்.
ஆ சோங் சொன்னார், வைரஸ் காவலைத் தூக்கு.
தூக்கினேன்.
பயோஸ் கோப்பு இருந்தது,
இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய எடையில்
(எடை பார்ப்பது என் தொழில்).
வீடியோ டிரைவரை மாற்றிப் பார்க்கிறேன் என்றேன்.
டிரைவரையா, என்று
நான்கு லாரிக்காரர்களும் சிரித்தார்கள்.

பிறகு லாஞ்சரை ஒதுக்கிவிட்டு
எமுலேட்டரை நேரே திறந்து
ஆட்டத்தை நானே கையில் பிடித்துக் கொடுத்தேன்.
ஓடியது.
அறுநூறு வெள்ளி மடிக்கணினி
தான் இருபது வருஷத்துப் பழைய பெட்டி என்று
கொஞ்சமும் கூச்சமில்லாமல் நடித்தது.
செம்மண்ணில் பைக் புழுதி கிளப்பியது.

ஆக, ஆட்டத்தில் குற்றமில்லை.
நடிப்பிலும் இல்லை.
இவன் சொல்லி அவன் கேட்கும் வழியில்
எங்கேயோ ஒரு சொல் விழுந்துவிட்டது.

பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினான்காம் வரி:
????
இப்படி ஓர் இடம் இல்லை.

"ஃபோல்டருக்கு என்ன பேரு வச்ச?"
"பழசு."
தமிழ்ப்பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன்.
தமிழிலேயே அடித்திருந்தான்.

லாஞ்சருக்குத் தமிழ் தெரியும்.
எமுலேட்டருக்குத் தெரியாது.
மூன்று எழுத்துக்கு நான்கு கேள்விக்குறி.
'சு'வின் கொக்கியையும் பிடுங்கித்
தனியே எண்ணியிருக்கிறது.

எனக்கு இது புதிதில்லை.
என் பெயர் எழிலரசி.
அடையாள அட்டை எழுதியவரிடம் ழகரம் இருக்கவில்லை.
கைக்கு அகப்பட்ட லகரத்தைப் போட்டுக் கொடுத்தார்.
கிளினிக்கில் எலிலராசி என்று கூப்பிடும்போது
முதலில் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பேன்,
அப்புறம் எழுந்துகொள்வேன்.
ஆலையில் அதையும் நறுக்கி, எலி.
சம்பளம் மட்டும்
ஒரு மாதமும் வழி தவறியதில்லை.

பெயரை மாற்றவேண்டும் என்றேன்.
"மாத்து. ஆனா பழசுன்னே இருக்கட்டும்."
உரோமன் எழுத்தில் ழகரத்துக்கு எதைப் போடுவது என்று
மூன்று பேர் மூன்று விதமாய்ச் சண்டை பிடித்தார்கள்.
ஆ சோங்தான் பாதித் தூக்கத்தில் சொன்னார்:
"லாமா போடு லா. அதுவும் பழசுதானே."

நான்கு உரோமன் எழுத்து.
கேள்விக்குறி எத்தனையோ, அத்தனை.

அடித்தேன். லாஞ்சரை மறுபடி தேடவிட்டேன்.
சட்டைகள் ஒவ்வொன்றாய் வந்து மாட்டிக்கொண்டன.
வெளியே தெரியும் தலைப்பில் மட்டும்
பழசு என்று தமிழில் எழுதிவைத்தேன்.
அதை யாரும் யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்லவேண்டியதில்லை.

ஓடியது. என்ன,
பிரேக்கை அமுக்கினால் ஹாரன் அடித்தது.
பொத்தான்கள் இடம் மாறிக் கிடந்தன.
அதையும் பார்த்துவிடலாம் என்று குனிந்தபோது
ஆலைச் சங்கு ஊதியது,
புகைபோக்கி இரண்டு தரம் இருமியது.

முதல் லாரி பாலத்தில் ஏறியது.
முப்பத்தொன்று புள்ளி நாலு டன்.
இரண்டாவது. மூன்றாவது.
நாலாவது லாரி அசையவே இல்லை.
அதற்குப் பின்னால் நின்றவர்கள்
சாலை அதிர ஹாரன் அடித்தார்கள்.

"நான் இன்னும் பிரேக்கே அமுக்கலையே"
என்றான் புவனேந்திரன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.