பேர் விழாத நாள்

போயாவுக்கு மலையில் வேலை இல்லை.
ஆனாலும் ஆறரைக்கே வந்துவிட்டோம்,
பூண்டுலோயா பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
சபைப் பூங்காவின் துருவேறிய கேட்டுக்கு.
பிரட்டுக்கு நிற்கிற அதே வரிசையில் நின்றோம்.
யாரும் நிற்கச் சொல்லவில்லை.
தவராணிதான் முதலில் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

கேட்டில் பூட்டு.
சாவி எங்கே என்று சபையில் கேட்டால்
பழைய காவல்காரரிடம் என்கிறார்கள்.
அவர் பென்சன் வாங்கிக் குருநாகலுக்குப் போய் ஒன்பது வருசம்.
மதில் இடிந்த பக்கமாக நுழைந்தோம்,
மாடுகள் போய்வரும் பாதை.
பூட்டு தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது,
கடமை தவறாமல்.

"இன்னைக்கு யாரு பேரு போடுறது?"
"பேரும் இல்ல, அரைப்பேரும் இல்ல,
தேத்தண்ணி மட்டும் முனாஸ் நானா கணக்கு."
அதற்கும் ஒரு சிரிப்பு.
பிறகு காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்துக்கொண்டு
அட்டைகளின் ஊருக்குள் இறங்கினோம்.

புல்லுக்கு அடியில் சறுக்கு கிடைத்தது.
சீசோவில் பாதி கிடைத்தது.
மற்றப் பாதி பழைய இரும்புக்காரன் தராசில் ஏறியிருக்கும்.
சாராயப் போத்தல்களை எண்ணுவதை
முப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.
ஒற்றைப் பள்ளிக்கூடச் சப்பாத்து,
உள்ளே தவளை.

பாசியைச் சுரண்டினால் ஒரு பலகை, மூன்று மொழியில்.
தமிழில் இருந்தது:
பூக்களைப் பரிக்க வேண்டாம்.
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ பறிக்கிறவர்கள்
அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டினோம்.
திருத்த வேண்டுமென்றால் சபையின் கடிதம் வேண்டும்,
என்றான் சட்டம் தெரிந்த ஒரு பொடியன்.
நானா பெயின்ட் வாளியைக் கீழே வைத்தார்,
பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
ரகரத்தின் முதுகை வளைத்து
றகரமாக்கிவிட்டு
அடுத்த தூணுக்குப் போனார்.

பதினொரு மணி இருக்கும்.
கிழக்கு மூலையில் உண்ணிப் பற்றையை வெட்ட வெட்ட
உள்ளே ஒரு மரம்.
வெளிறிய பட்டை, பாசி,
துஷாரவின் ஓட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக
மூன்று அடுக்கினால் எட்டும் உயரம்.
வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் பொடி, தேனீக்கள்.
என்ன மரம்?
ஆளுக்கொரு பேர் சொன்னோம்.
துஷார சிங்களத்தில் ஒன்று சொன்னான், அதுவும் இல்லை.
செவனு அண்ணன்தான் ஓர் இலையைக் கசக்கி
மூக்கருகே கொண்டுபோனார்.
நெடுநேரம் கையை எடுக்கவே இல்லை.

தேயிலை.

"நாப்பது வருசமா கவ்வாத்து வெட்டுறேன்.
இது இப்படிப் போகும்னு தெரியாது."
இடுப்புக்கு மேலே நாங்கள் வளர விட்டதில்லை.
அப்படிச் சொல்வதும் சரியில்லை.
விடலாமா என்று
எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

சபை தந்த வரைபடத்தில்
அந்த மூலையில் ஊஞ்சல்.
அண்ணன் கையில் கத்தி, காலையில் தீட்டியது.
மழை தூறியது. ஒருவரும் பேசவில்லை.
அவர் கத்தியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு
எட்டடி தள்ளி
ஊஞ்சலுக்குக் குழி தோண்டத் தொடங்கினார்.
வரைபடத்தை மடித்தவன் துஷார.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.
கழுத்து வலித்தது.
தேயிலையைக் குனிந்துதானே பார்த்திருக்கிறேன்.
அதற்குள் என் கை,
நான் சொல்வதற்கு முன்பே,
தாழ்ந்த கிளையில் ஈரிலையும் ஒரு கொழுந்தும்
கிள்ளிவிட்டது.
பின்னால் வீசப் போனது.
கூடை இல்லை.
தவராணி பலகையைக் காட்டி
"பறிக்க வேண்டாம், றகரம் போட்டாச்சு" என்றாள்.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது.
டவுன் பிள்ளைகள் மதில் உடைந்த பக்கமாகவே வந்து
ஈரச் சறுக்கில் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள்.
ஒருவனும் அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டும் என்றும் இல்லை.

மறுநாள் பிரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.
கொஞ்சம் பிந்தித்தான் "இருக்கேன்" என்றேன்.
சீலை முந்தியின் முடிச்சில்
அந்த மூன்று இலை
வாடி, வாசம் வரத் தொடங்கியிருந்தது.