பேசணும்

காலை நாலு ஐம்பதுக்கு வந்தது.
ஒரே சொல். பின்னால் ஒரு புள்ளி.
புள்ளி வைக்கிற பழக்கம் மரகதத்துக்கு இல்லை.

ஜுபைல் பஸ்ஸில் ஏறும்போது
அது நகைக்கடன்.
மூன்றாவது ரவுண்டானாவில்
அவள் அம்மாவின் ஸ்கேன்.
கேட்டில் பேட்ஜ் காட்டுகையில்
யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள்;
யாரென்றும் தெரிந்துவிட்டது.

பத்து மணிக்கு, டேங்குக்குள்,
நாற்பத்தாறு டிகிரியில்
எனக்குக் கை சில்லிட்டது.
வெல்டிங் கோடு கோணிற்று.
"என்னண்ணே, காய்ச்சலா?" என்றான் இர்ஷாத்.
இல்லை, ஒரு புள்ளி
என்று எப்படிச் சொல்வது?

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து
அவளோடு சண்டை போட்டேன்.
இரண்டு பக்கமும் நானே பேசினேன்.
அவள் பக்கம்தான் நன்றாகப் பேசினேன்.

இரவு எட்டரைக்கு எடுத்தாள்.
காம்பவுண்டுச் சுவருக்கு
நீலமா, பச்சையா?
பெயிண்டர் காலையிலேயே வந்து கேட்டாராம்.

நீலம் என்றேன்.
சொல் நீலமாகத்தான் இருந்தது,
குரலில் மதியச் சண்டை ஒட்டியிருந்தது.

"ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?"
ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

விளக்கணைத்துப் படுத்த பிறகு உறைத்தது:
இந்நேரம் அவள் ஏறியிருப்பாள்,
நான் காலையில் ஏறிய பஸ்ஸில்.