பாறைக்காய்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
பர்கூர்ப் பக்கமிருந்து டெம்போவில் வந்தது அது.
எடைமேடையில் ஏறும்போதே லோடு ஆட்கள் சிரித்தார்கள்.
உருளைக்கிழங்கின் தோல், காம்படியில் சொரசொரப்பு.
கீழே விழுந்தால் மாங்காய்க்கு ஒன்றும் ஆகாது,
தரைக்குத்தான் ஏதாவது.

கூழ் ஃபேக்டரியில் நான் சர்க்கரை அளப்பவள்.
ஒரு சொட்டுச் சாறு, அளக்கும் கண்ணாடி,
வெளிச்சத்துக்கு நேராக ஒரு கண்.
பதினாலுக்குக் கீழே என்றால் வண்டி திரும்பும்.
கத்தி இரண்டு தடவை வழுக்கிய பிறகு
சொட்டு கிடைத்தது.
ஏழு.
கடைவாய் கூசி
அன்று மதியம் மோர்கூட இறங்கவில்லை.

சென்றாயன் வாதாடவில்லை.
"பாறைக்காய்ங்க. பாறைச் சந்துல ஒத்த மரம்.
ஒட்டுக்கட்டுனதில்ல, கொட்டையில வந்தது.
நீலம் முடிஞ்ச பிறவுதான் முத்தும்."
விற்க வந்தவர் தானாகவே சேர்த்துச் சொன்னார்:
"குரங்குகூட ஒரு கடி கடிச்சிட்டு
அங்கியே வச்சிட்டுப் போயிரும்."

ஒரு கிரேட்டை மட்டும்
ஜெனரேட்டர் அறையில் இறக்கிவிட்டுப் போனார்,
வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல,
அடியிலும் மேலும் ராகித்தாள் பரப்பி.

ஆவணியில் கொதிகலன் அணைந்தது.
செந்தூரா, பெங்களூரா, நீலம் என்றிருந்த விலைப்பலகையை
ஈரத்துணியால் துடைத்தேன்.
ஈக்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டன.

புரட்டாசி முதல் சனிக்கிழமை
சம்பள பாக்கி கேட்கப் போனபோது
வாட்ச்மேன் அனுமந்தப்பா மூக்கை உறிஞ்சினார்.
"எங்கியோ ஏலக்காய் கொட்டிக் கெடக்குதுங்க மேடம்."

டீசல் வாடையைத் தாண்டி வந்தது அது.
தாளை விலக்கினால்
தோல் சுருங்கி, எண்ணெய் பூசியதுபோல் பிசுபிசுத்து,
நிறம் மட்டும் அதே பழுப்பு.
பழுத்ததை வெளியே சொல்லிக்கொள்ளாத பழம்.
கட்டைவிரலுக்கு லேசாக இடம் கொடுத்தது.
நாரில்லை. கொட்டை மெல்லிசு.
புளிப்பு எங்கும் போய்விடவில்லை,
இனிப்புக்கு அடியில்
ஓடைக்கல்போல் படுத்திருந்தது.

மேசை இழுப்பறையில் கண்ணாடி இருந்தது.
இருபத்து மூன்று.
துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
இருபத்து மூன்றுதான்.
எழுதலாமென்று பதிவேட்டைத் திறந்தால்
ஆவணியோடு கட்டங்கள் முடிந்திருந்தன.

சென்றாயனுக்குப் போன் போட்டேன்.
அந்தப் பக்கம் கடலைக்காய் உடைபடும் சத்தம்.
"அறுத்துட்டீங்களா?" என்றார்,
நிஜமான வருத்தத்தோடு.
"இன்னும் பத்து நாள்
பொறுத்திருக்கக் கூடாதுங்களா."