மணி என்ன

தாம்வேயில் ஆறு மாடிக் கட்டடம், அதில் மூன்றாவது மாடி.
கை இரண்டும் மாவில் இருக்கும்போதுதான்
ஆர்டர் வரும்.
அதனால் எழுதினேன், அறுபத்திரண்டு வரி.
கேட்பதற்கு ஒரு நூலகம், பேசுவதற்கு இன்னொன்று.
நூலகம் என்று பெயர்தான், புத்தகம் கிடையாது,
இரவல் காது, இரவல் வாய்.
இறக்கி முடிக்க மூன்று இரவும் இரண்டு டேட்டா கார்டும் ஆயின.

முதலில் அது கேட்பது மௌனத்தை.
ஒரு விநாடி யாரும் பேசாதீர்கள்,
அறையின் இரைச்சலை அளந்துகொள்கிறேன் என்கிறது.
அளக்கட்டும்.
கிரைண்டர், டேபிள் ஃபேன்,
பழைய பேப்பர் கேட்டுப் போகும் சைக்கிள்காரர்,
மேல்மாடி டோ ன்வே ன்வேயின் டிவி.
இவ்வளவும் சேர்ந்ததுதான் எங்கள் வீட்டு மௌனம்.
இதற்கு மேலே எழுந்தால்தான் குரல்.

எந்தத் தமிழ் என்று கேட்டது.
பட்டியலில் இந்தியா இருந்தது, இலங்கை இருந்தது,
சிங்கப்பூர், மலேசியா.
எங்களுக்கு ஒரு வரி இல்லை.
மலேசியாவைப் போட்டேன்,
கடல் ஒன்றுதானே.

ஆத்தோ நாலு என்றேன்.
ஆத்தா நாலு என்று குறித்துக்கொண்டது.
நாலு ஆத்தாக்களை எண்ணெய்த்தாளில் மடித்து
மரியலூயிஸ் வீட்டுக்கு அனுப்புவதாக நினைத்துச் சிரித்ததில்
வெங்காயம் கருகிவிட்டது.
பிறகு அதற்கென்றே ஒரு வரி சேர்த்தேன்:
ஆத்தா என்று கேட்டால் ஆத்தோ என்று கொள்.
கேட்டால், சொன்னால், வந்தால்.
நம் பேச்சில் இந்த 'ஆல்' வினைக்கு வாலாக ஒட்டிக்கிடக்கும்.
நிரலிலோ வரியின் தலையில் நிற்கிறது,
வாசலில் பெயர் கேட்கும் சிப்பாய் மாதிரி.

பெயர் வைத்ததில்தான் தப்புச் செய்தேன்.
கூப்பிட்டால் விழித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும்.
எனக்கே இரண்டு பெயர்,
வீட்டில் தவமலர், அடையாள அட்டையில் மா கின் வே.
இதற்காவது ஒன்று போதும் என்று
மணி என்றேன்.

மணி, எழுது, இட்லி பன்னிரண்டு, காதர் மைதீன்.
எழுதியது.
டியூஷனுக்குக் கிளம்பின பையன்
மணி என்னம்மா என்றான்.
'சொல்லுங்கள்' என்றது.
வீட்டுக்காரர் ஆரோக்கியம் பினாங்கில் இருந்துவிட்டு வந்தவர்,
பணத்தை மணி என்பார்.
வாசலில் நின்று மூன்று தரம் சொன்னார்,
மூன்று தரமும் பணிவாகச் 'சொல்லுங்கள்' என்றது.
அவருக்கு முகம் சிவந்தது.
தெருக்கோடிக் கோயிலில் நிஜமாக மணி அடித்தபோது மட்டும்
அசையவே இல்லை.

பெயரை மாற்ற உட்கார்ந்த இரவில்
கரண்ட் போயிற்று.
வைஃபை போயிற்று.
எந்த ஊரிலோ இருந்த அதன் காது அறுந்துவிட்டது.
அப்படி ஆனால் என்ன சொல்ல வேண்டுமென்று
நானே எழுதியிருந்த வரியை
பாட்டரி இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தது:
மன்னிக்கவும், பிறகு கூப்பிடவும்.
மன்னிக்கவும்.
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் கிளம்பின.
மடிக்கணினியை மூடினேன்.

பால்கனியிலிருந்து தரைவரை தொங்கும் நைலான் நூலை
யாரோ கீழேயிருந்து இழுத்தார்கள்.
மேல்முனையில் கட்டின மணி அடித்தது.
எட்டிப் பார்த்தேன், தலையும் தெரியவில்லை, குடையும் தெரியவில்லை.
சுற்றிச் சுற்றி மேலே இழுத்தேன்.
கிளிப்பில் ஒரு துண்டுத்தாள்,
பர்மிய எழுத்தில்,
ஆத்தோ நாலு, காரம் கம்மி.
பெயர் இல்லை.

யாரு என்று கேட்டேன்,
இரண்டு மொழியிலும் கேட்டேன்.
ஜெனரேட்டருக்கு மேலே
என் குரல் எழவில்லை.
தாள் முழுக்க மாவு.